பக்கத்து வீட்டைப் பார்த்த சோலார் பலகை

எந்தச் சோலார் பலகை அதிக மின்சாரம் தருகிறது என்று பார்க்க, கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சின் தட்டைக் கூரையில் மூன்றைப் பொருத்தினேன். ஒன்று அசையாது. இன்னொன்று காலையில் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் சாயும். மூன்றாவது எல்லாப் பக்கமும் திரும்பும். வெளிச்சம் அதிகமுள்ள திசையை அதன் சென்சாரே கண்டுபிடிக்கும். என் பெருமையெல்லாம் அதன்மேல்தான்.

ஒரு காலையில் பக்கத்து வீட்டு ஆன்டி வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"தம்பி, உங்க பிளேட் தினமும் காலையில எங்க மாடி ரூமையே பாக்குது. கேமரா வச்சிருக்கியா?"

"இல்ல ஆன்டி, அது சூரியனைத்தான் பாக்கும்."

"சூரியன் எங்க வீட்லயா இருக்கு? வந்து பாரு லா!"

போய்ப் பார்த்தேன். புதிதாக எழுந்திருந்த கொண்டோ அடுக்குமாடி, சூரியனை எங்கள் கூரைக்கு மறைத்திருந்தது. ஆன்டியின் மாடி ரூமுக்கு மேலிருந்த எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டிமேல் மட்டும் வெயில் விழுந்து பளபளத்தது. என் புத்திசாலிப் பலகை அந்தத் தொட்டியைச் சூரியன் என்று நம்பி, பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

தொட்டியின் பளபளப்பு படாதபடி சென்சாரின் ஓரத்தில் ஒரு தகடு வைத்து மறைத்தேன். அதன்பின் பலகை ஒழுங்காக நடந்துகொண்டது. நல்ல வெயிலில் திரும்பும் இரண்டும் முந்தின. மேகம் மூடிய நாட்களில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பலகையைத் திருப்பும் மோட்டார் தின்ற மின்சாரத்தைக் கழித்தால் அசையாததே மேல்.

இதை ஆன்டியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு போடணும் தம்பி," என்றார். "கழுத்தைத் திருப்பாததா பாத்துச் சொல்லு."