காற்றோடு போன பெயர்

போய்டூவா பாராசூட் திடலில் ஒலாவோவின் வாயிலிருந்து தப்பித்து யாரும் வானத்துக்குப் போனதில்லை. குதிக்க வருகிறவர்களை விமானம்வரை கொண்டுபோய் விடும் டிராக்டர் வண்டி அவர் கையில். முதல் தடவை வருகிறவர்கள் பேயறைந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். இவர் சும்மா வரமாட்டார். "பீன்ஸை அடுப்புல வச்சுட்டா வந்தீங்க? அணைக்கச் சொல்லிடுங்க, எதுக்கும்" என்பார்.

இவ்வளவு பேசுகிறவர் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம். நான் அங்கே பாராசூட் மடிக்கிறவள். என்னிடம், "ஜாந்திரா, நீ மடிச்சதுல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா. என் வயித்து மேலதான் இல்ல" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்.

அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அவரைக் குதிக்க வைக்க அவர் மனைவி ஜுரேமாதான் ஏற்பாடு செய்தாள். திடலின் சாப்பாட்டுக் கடை அவளுடையது. சீஸோ இறைச்சியோ உள்ளே வைத்து மடித்த பஸ்தெல் பொரிப்பாள், கரும்புச்சாறு பிழிவாள். "கிழவா, வாயாலேயே இத்தனை வருஷம் குதிச்சுட்ட. இன்னிக்கு உடம்பால குதி" என்று எல்லோர் முன்னிலையிலும் அவர் தலையில் குதிக்கிறவர்கள் போடும் தொப்பியை மாட்டிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் மாட்டினாள்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தின் கதவு திறந்ததும், குதிக்கிறவரின் முதுகோடு தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும் பயிற்சியாளர் கையிலுள்ள கேமராவை முகத்துக்கு நேரே நீட்டி, "வீட்டுக்கு ஒரு வார்த்தை!" என்று கத்துவார். பாதிப்பேர் அம்மா என்பார்கள், மீதிப்பேர் கடவுளே என்பார்கள். வெளியாட்களுக்கு அதைப் பாட்டெல்லாம் சேர்த்து அழகாக்கிக் கொடுப்பார்கள். திடலில் வேலை செய்கிற ஆளாக இருந்தால் ஒன்றையும் வெட்டாமல், கடையிலிருக்கும் பெரிய டிவியில் அப்படியே போட்டுவிடுவார்கள். குதித்த ஆள் எல்லோருக்கும் பீர் வாங்கித் தரவேண்டும்.

ஒலாவோ வாங்கித் தந்தார். புல்லில் சறுக்கி இறங்கியவர் தரையில் கால் பாவாமல் திரிந்தார். "என்ன கத்தினேன்னே ஞாபகம் இல்லப்பா!" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அது உண்மை. இல்லாவிட்டால் டிவி முன்னால் முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்திருப்பாரா?

படம் ஓடியது. கதவு திறந்தது. ஒலாவோவின் கண் இரண்டும் வெளியே விழுவதுபோல் இருந்தன. பயிற்சியாளர் எல்சியோ, "வீட்டுக்கு ஒரு வார்த்தை, ஒலாவோ!" என்றான். ஒலாவோ வாயைப் பிளந்து, தொண்டை கிழியக் கத்தினார்:

"நொயெமியா!"

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நொயெமியா யாரென்று எங்களில் பலருக்குத் தெரியாது. ஜுரேமாவுக்குத் தெரியும். அவளைக் கட்டுவதற்கு முன்னால் ஒலாவோவுக்கு நிச்சயமாகி முறிந்துபோன பக்கத்து ஊர்ப் பெண். வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய், பேரன் பேத்தி எடுத்துவிட்டவள். ஒலாவோ வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லையாம்.

ஜுரேமா எண்ணெயில் மிதந்த பஸ்தெலைத் திருப்பிப் போட்டாள். "யாருக்குச் சீஸ், யாருக்கு இறைச்சி?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.

கடையை மூடும்போது ஒலாவோ அவள் பின்னாலேயே போய் நின்றார். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மேல மூளை கலங்கிடுது ஜுரேமா. காத்து அப்படி."

"கலங்கட்டும். கலக்கினா அடியில கிடக்கிறதுதானே மேல வரும்?"

அதன் பிறகு அவள் அவரைக் கிழவா என்று கூப்பிடவில்லை. ஒலாவோ என்றுதான் கூப்பிட்டாள், பால்காரனைக் கூப்பிடுவதுபோல. அவரும் வண்டியில் யாரையும் கேலி செய்வதை விட்டுவிட்டார். திடலே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனுஷன்தான். குடித்துவிட்டு வந்ததில்லை, கை நீட்டியதில்லை. அவள் சமைத்ததைத் தின்றார், அவள் பக்கத்தில் தூங்கினார். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜுரேமா அடுப்பை அணைத்தாள். ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு எல்சியோவிடம் போய், "என்னை ஏத்து" என்றாள்.

அவளையும் டிராக்டரில் ஒலாவோதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு ரத்த அழுத்தம் இருக்கு. இதெல்லாம் எதுக்கு?"

"நானும் பார்க்கணும்."

"என்னத்தைப் பார்க்கணும்?"

"பயத்துல என் வாயில யாரு பேரு வருதுன்னு. வண்டியை எடு."

அன்று கடையில் பீரைத் தொட்டவர்கள் இல்லை. ஒலாவோ இந்தத் தடவை கடைசியில், தூணோரம் நின்றார். படத்தில் கதவு திறந்தது. "வீட்டுக்கு ஒரு வார்த்தை, ஜுரேமா அக்கா!" அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று. அப்படியே வெளியே விழுந்தாள். கன்னம் இரண்டும் படபடவென்று அடித்தன. அப்போதுதான் வாய் திறந்தது. என்னவோ சொன்னாள். மறுபடியும் அதையே சொன்னாள். டிவியில் காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொன்ன?" என்றார் ஒலாவோ. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார், பாவம்.

"சொன்னேன். காத்து எடுத்துட்டுப் போயிடுச்சு."

இப்போதெல்லாம் விமானம் மேலே போனதும் அவர் டிராக்டரை நிழலில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்துக்கொள்கிறார். படத்தில் அவள் வாய் திறக்கும் இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். சில சமயம் என்னிடமும் நீட்டுவார். "உனக்குக் கண்ணு நல்லா இருக்கும்மா. என் பேரு மாதிரி இல்ல?" எத்தனை தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் பெயராக இருக்கலாம். வெறும் ஐயோவாகவும் இருக்கலாம்.

மனசு கேட்காமல் ஒருநாள் ஜுரேமாவிடமே போனேன். "சொல்லித் தொலைங்கக்கா. அந்த மனுஷன் உங்க வாயைப் பார்த்துப் பார்த்தே செத்துடுவாரு."

அவள் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பார்க்கட்டும்டி. கட்டின நாள்லேருந்து என் முகத்தை அவன் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல."