நான் படித்தேன், அவர் பயந்தார்

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மரக்காணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அதற்கு முன்னால் நான் எப்படிப் புத்தகப் பைத்தியம் ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலத்துக்கு எதையாவது விட வேண்டுமே என்று டிவி சீரியலை விட்டேன். பெண்ணும் கல்யாணமாகிப் போய்விட்டதால் சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருந்தது. லைப்ரரியில் மெம்பர் ஆனேன். முதலில் எடுத்தது ஒரு குண்டு சரித்திர நாவல்; படுத்துக்கொண்டு படித்ததில் தூக்கம் வந்து, மூக்கின் மேலேயே விழுந்தது. அடுத்தது குடும்பக் கதை. அழுது அழுது சாம்பாரைத் தீய விட்டேன். அப்புறம் ஒரு கொலைக் கதை எடுத்தேன். அவ்வளவுதான். ஈஸ்டர் முடிந்து சீரியலைப் போட்டால், யார் யாரை எதற்கு முறைக்கிறார்கள் என்றே புரியவில்லை. திரும்ப லைப்ரரிக்கே போய்விட்டேன். வருஷம் முழுக்கக் கொலைதான்.

என் வீட்டுக்காரர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். வெயில் காலத்தில் அளத்திலேயே கிடப்பார். மழை வந்து பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கியதும் வீட்டோடு இருக்க ஆரம்பித்தார். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது, ஒரு பெண் புருஷனுக்குக் காபியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைக்கிற கதை. அட்டையிலேயே காபி டம்ளரும் மண்டை ஓடும் போட்டிருக்கும். இவருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்து அதைப் படிப்பேன். எனக்கு அது வித்தியாசமாகவே தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த வாரம், ஒரு நாள் மத்தியானம் மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வாந்தி நிற்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியெல்லாம் ஜெபமாலை சொன்னேன்; எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்பிளை ஒருத்தர் இப்படி வந்தால் டாக்டர்கள் சும்மா விடமாட்டார்கள். கள்ளச் சாராயத்தில் உயிர்கள் போனதைப் பார்த்த ஊர் இது. என்ன குடிச்சீங்க, மறைக்காமல் சொல்லுங்க என்று அந்த டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். இவர் கோலி சோடாவைத் தாண்டாத ஆள். அப்போ வீட்டில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டார். இவர் மெதுவாக என்னைப் பார்த்தார்.

"அத அவளத்தாங்க கேக்கணும்."

டாக்டர், நர்ஸ், ஆட்டோக்காரர் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஆதார் கார்டு கேட்க, நான் பதற்றத்தில் பையைக் கவிழ்த்தேன். முதலில் விழுந்தது புத்தகம்தான், மண்டை ஓடு மேலே தெரிகிற மாதிரி.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நர்ஸ் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"நான் எதுவும் கலக்கலங்க" என்றேன். சொன்ன பிறகுதான், கதையில் அவளும் இதையேதான் சொல்வாள் என்று ஞாபகம் வந்தது. பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

நான் அழுததும் இவருக்குத் தாங்கவில்லை. உண்மையையும் கக்கிவிட்டார். கொஞ்ச நாளாகவே என் காபியைக் கொல்லையில் ஊற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீயும் மிளகாய் பஜ்ஜியுமாக ஓட்டியிருக்கிறார். அன்றைக்கு வயிற்றைப் பதம் பார்த்தது ஊசிப்போன பஜ்ஜி. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அட்டையைப் பார்த்தே இவ்வளவு பயமா என்று கேட்டேன். அட்டை மட்டும் இல்லையாம். நான் மாதா கோயிலுக்குப் போகிற நேரமெல்லாம் எடுத்துப் படித்திருக்கிறார். முதலில் உயிருக்குப் பயந்து, பிறகு கீழே வைக்க முடியாமல். டிரிப்ஸ் ஏறுகிற கையோடு, விஷம் வைத்தது பெண்டாட்டி இல்லை, கொழுந்தியாள்தானே என்று என்னிடம் கேட்கிறார். நான் சொல்லவில்லை. கிடந்து தவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சந்தேகம் வந்த அன்றைக்கே கேட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டேன்.

"நீ ஆசையாப் படிச்சிட்டிருந்தியா, கெடுக்க வேணாம்னு உட்டுட்டேன்" என்றார்.

அந்த வருஷம் படித்ததில் கொலைகாரர் யார் யார் என்பதெல்லாம் இப்போது பாதி மறந்துவிட்டது. உயிருக்குப் பயந்துகொண்டே பெண்டாட்டியின் படிப்பைக் கெடுக்காமல் இருந்த ஒரு மனுஷனை மட்டும் அந்தப் புத்தகங்களில் எங்கேயும் நான் பார்க்கவில்லை.