இடுப்பில் இடது கை

என் அண்ணன் மனைவி புவனேஸ்வரி திண்டுக்கல்லில் கராத்தே மாஸ்டர், கறுப்பு பெல்ட். பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்வார் என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம்.

"நான் யாரையும் நெசமா அடிச்சதே இல்ல தீபா. அப்படி ஒரு நாள் வந்துருமோன்னுதான் பயம்" என்பார்.

சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் ஒரு ஜப்பான் சண்டைப்படம் போடுவார். வகுப்பு நடக்கும் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் வேட்டிதான் திரை. கதாநாயகன் ஒரு பயந்தாங்கொள்ளி. அடியாட்கள் வெட்ட வந்தால், நழுவும் பெல்ட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்குவான். அவர்களும் மரியாதைக்காகப் பதில் வணக்கம் போடுவார்கள். அதற்குள் இவன் ஓடிவிடுவான்.

பிள்ளைகள் சிரித்துச் சிரித்து அதே மாதிரி வணங்க, இடுப்பில் இடது கையோடு குனிவதே மதினி வகுப்பின் வழக்கமாகிவிட்டது. "எதிர்ல நிக்கிறவுக வணங்குனா பதிலுக்கு வணங்கணும். தூக்கத்துலயும் மறக்கக் கூடாது" என்பார். மறந்தவனை லேசில் விடமாட்டார்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், தாடிக்கொம்பு கோயிலிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆளில்லாத இடத்தில் ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஒருவன் கத்தியோடு இறங்கி, மதினியின் செயினைக் காட்டினான். மதினியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

மதினி இறங்கினார். கற்ற வித்தையெல்லாம் மறந்து, சண்டைக்கு முன் செய்யும் ஒன்றுதான் உடம்புக்கு ஞாபகம் வந்ததுபோல. இடுப்பில் இடது கையை வைத்துக் குனிந்தார்.

அவனும் கால்களைச் சேர்த்து, இடது கையை இடுப்பில் வைத்து, அழகாகக் குனிந்தான்.

நிமிர்ந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவன் விழுந்தடித்து ஓடி பைக்கில் ஏறினான். மதினி "ஏலே" என்று கத்தினார்.

செயின் தப்பியதே என்று நான் அழுதேன். மதினிக்கு அது காதிலேயே விழவில்லை.

"எங்கிட்டப் படிக்கிறவன் தீபா. சனிக்கிழமை வகுப்புக்கு எவன் வரலையோ, அவன்தான்."

"போலீசுக்குப் போவோம் மதினி."

"போயி எவன் பேரச் சொல்ல?"

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பெரிய பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவன்கூடக் குறையவில்லை.

மதினி குனியப் போய்ப் பாதியில் நின்றுவிட்டார். குனிந்தால் அவர்கள்மேலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். அவருக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

அவர்கள் குனிந்தார்கள், எல்லோரும் ஒரே மாதிரி, இடது கை இடுப்பில்.