கயிற்றில் மூன்று இழுப்பு

கதை கட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்தக் கிணறு புதுச்சத்திரம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

போன வருஷம் எங்கள் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட நினைத்தேன். கிணறு வெட்டிப் பிழைத்த குடும்பம். விவரம் சொல்ல மிச்சமிருந்தவர் கஸ்பார் பெரியப்பா ஒருவர்தான். வயது எண்பத்திரண்டு. அவருடைய தங்கச்சி, என் அக்சிலியா அத்தை, எட்டு வயதில் செத்துப்போனவள். மாதா கோயில் பதிவேட்டில் அவளுடைய ஞானஸ்நானம் இருந்தது. அடக்கம் இல்லை.

"அத்தையை எங்கீங்க பொதைச்சீங்க?"

"காய்ச்சல்ல போயிட்டா. அப்படியே எழுது சாமி."

"எங்கேன்னு கேட்டனுங்க."

"நீ புஸ்தகம் போடறியா, போலீஸ் வேலை பாக்கறியா?"

காய்ச்சல் என்றே எழுதிக்கொண்டேன்.

தாத்தா கடைசியாக வெட்டிய அந்தப் புதுச்சத்திரம் கிணற்றின் ஆழத்தையும் புத்தகத்தில் போட ஆசை. மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.10. தண்ணீர் வற்றிப் பல வருஷமான கிணறு. புதுக் கயிற்றில் ஒரு கருங்கல்லைக் கட்டி இறக்கினேன்.

டொக்.

அடிப்பாறை. அளவுக்காகக் கயிற்றில் முடிச்சுப் போட்டேன்.

12.14. கயிறு அசைந்தது.

காற்று என்று நினைத்தேன். மேலே வேப்பமரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை.

பிறகு இழுத்தது. ஒன்று... இரண்டு... மூன்று. ஒரே இடைவெளி. கை பழகிய இழுப்பு.

எட்டிப் பார்த்தேன். வெயில் நேராக அடியில் விழுந்தது. பாறை. என் கல். வேறொன்றும் இல்லை.

மறுபடி மூன்று.

இந்த முறை அவசரமாக...

வெடிமருந்து வாடை.

கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன்.

சாயந்திரம் பெரியப்பாவிடம் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை இழுத்துச்சு?"

"மூணுங்க."



"பாறைக்கு வெச்ச தோட்டா வெடிக்கலைன்னா, எறங்கிப் பாக்க அக்சிலியாவைத்தான் எறக்குவோம். எடை கம்மி. ரெண்டு இழுத்தா மேல தூக்கணும். மூணு இழுத்தா, திரி இன்னும் புகையுது, சட்டுனு தூக்குன்னு அர்த்தம்."

"அன்னிக்கு அத்தை எத்தனை இழுத்தாங்க?"

"கயிறு எங்கையில இருந்துச்சு. மூணு இழுத்தா. உட்டுட்டு ஓடிட்டேன். எங்கப்பன் கேட்டப்ப, அவ இழுக்கவே இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அத்தை?"

"பொறுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மூணாம் நாள் அங்கயே வெட்டினோம். தண்ணி வந்துச்சு. குடிச்சோம்."

அந்த மூன்று இழுப்பை அறுபத்தெட்டு வருஷமாக ஒருத்தரிடமும் அவர் சொன்னதில்லை. "நான் உசுரோட இருக்கறவரைக்கும் எழுதாத சாமி," என்றார்.

புத்தகம் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து சாமியார் வெளியிட்டார். பெரியப்பாவுக்குப் பொன்னாடை. பக்கம் 31: அக்சிலியா, காய்ச்சல்.

எட்டாம் நாள் பகலில், சாப்பிட உட்கார்ந்த பெரியப்பா அப்படியே சாய்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 12.14. குளிப்பாட்டும்போது, மூடியிருந்த வலது கையை விரித்தோம். உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடுகள். மூன்று. ரத்தம் காயாத புதுக் கோடுகள். அவர் கயிற்றைத் தொட்டு நாற்பது வருஷம் இருக்கும்.

அவர் போன பிறகாவது நான் திருத்தியிருக்கலாம். என் தங்கச்சி மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். புத்தகத்தை மாப்பிள்ளை வீட்டுக்கும் கொடுத்திருக்கிறோம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று பகல் என் உள்ளங்கையில் இரண்டாவது கோடு விழுந்தது.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.