சிவப்பு விளக்கு மூன்று தடவை எரிந்தது

ஒரு தடவைதான் ஸ்கேன் எடுத்தோம் என்று நீங்கள் சொன்னது பொய். கண்டியில் அந்த ஸ்கேன் நிலையத்தை நடத்திய உங்களைத்தான் சொல்கிறேன். ஸ்கேன் எடுக்கும்போது கதவுக்கு மேல் எரியும் சிவப்பு விளக்கு மூன்று தடவை எரிந்ததை நான் பார்த்தேன்.

என் மனைவி கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தீராத வயிற்று வலி என்று கூட்டி வந்தேன். அவளைப் படுக்க வைத்துவிட்டு உங்கள் ஆட்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். மெஷினுக்குள் இருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் மூச்சைப் பிடிக்கச் சொன்னது. என் மனைவிக்கு இங்கிலீஷ் என்ன தெரியும்? மூச்சு விட்டாள். படம் கலங்கிப்போனது. திரும்ப எடுத்தார்கள். அதுவும் கலங்கியது.

"நான் உள்ள போய் தமிழ்ல சொல்லிட்டு வந்துர்றேங்க" என்றேன்.

எக்ஸ்ரே கதிர் ஆபத்து என்று என்னைத் தடுத்தார்கள். எனக்கு ஆபத்தாம். மூன்றாம் தடவையும் விளக்கு எரிந்தது.

வெளியே வந்தவள் கேட்டாள்: "உள்ளுக்கு ஒரு பொம்பள பேசுனாங்களே, அவங்க வரலையா?" அது மூச்சைப் பிடிக்கச் சொன்ன மெஷின் குரல் என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

சில வாரம் கழித்து கிளினிக்கில் சொன்னார்கள், அன்றைக்கே அவள் வயிற்றில் பிள்ளை இருந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைக் கேட்கவே இல்லை. எவ்வளவு கதிர் பட்டது என்று தெரிந்தால்தான் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

திரும்ப உங்களிடம் வந்தேன். யாழ்ப்பாணத்து ஊழியர் ஒருவர் கம்ப்யூட்டரில் கதிர் அளவு என்று ஒரு எண்ணைக் காட்டினார். "இது மெஷின சோதிக்க வைக்கிற பிளாஸ்டிக் உருளை ஒண்டில அளந்த கணக்கு. உங்கட மனுசிய அளந்தது இல்ல."

"அப்ப எம் பொஞ்சாதிக்கு எவ்வளவுங்க?"

"மதிப்பிடலாம். ஆனா இதில ஒரு தரம் எடுத்ததுதான் கிடக்கு. மிச்சத்த அழிச்சிட்டினம் போல."

அப்போதுதான் நீங்கள் அறையிலிருந்து வந்து அந்தப் பொய்யைச் சொன்னீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. மலையில் மூடுபனி இறங்கினால் என் மனைவி கொழுந்தில் வைத்த கையை அப்படியே நிறுத்தி மூச்சைப் பிடிக்கிறாள். கங்காணி கத்தினாலும் அசைவதில்லை. கேட்டால், "இருங்க, இன்னும் விடச் சொல்லல" என்கிறாள்.

வயிற்றில் இருந்த என் மகனுக்கு எவ்வளவு கதிர் பாய்ச்சினீர்கள்? தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். எல்லாரும் படிக்கிற மாதிரி பேப்பரில் எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட்டு.