தொப்பிக்குக் கீழே

நான் இருப்பது சித்தப்பா வீட்டில். அவருக்கு மொட்டைமாடிகளுக்கு வெள்ளை அடிக்கிற வேலை. வெயிலைத் திருப்பி அனுப்புகிற பெயிண்ட் அது. அடித்தால் கீழ்வீடு குளுகுளுவென்று இருக்கும். அடிக்கிறவன் வேகுவான், அதை யார் கேட்கிறார்கள்?

அவருடைய சொத்து ஒரு விசில்தான். கீழுதட்டை மடித்து ஊதினால், நாலு மாடிக்குக் கீழே வாளி கட்டுகிறவர் அண்ணாந்து பார்ப்பார். சாயங்காலம் தெருமுனையில் அதே விசில் கேட்டதும், "வந்துட்டார் ரயில் வண்டி" என்று சித்தி அலுத்துக்கொண்டே கதவைத் திறப்பாள். அலுப்பெல்லாம் நடிப்பு. விசில் தாமதமானால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கூட்டாளிகளில் தொப்பி போடுகிறவர் அவர் ஒருவர்தான். முறம் அகலத்துக்கு ஒரு தொப்பி. "துரை வர்றார், வழி விடுங்கடா" என்பார்கள். காதில் வாங்க மாட்டார்.

அவருக்குக் கீழுதட்டில் வெள்ளையாக ஒரு பொருக்கு வந்தது. "அண்ணே, உதட்டுல பெயிண்ட்" என்றார்கள். அவரும் அப்படியே நினைத்தார். தின்னரில் துணியை நனைத்துத் தேய்ப்பார், போகும். மறுபடி வரும். பெயிண்டர் உடம்பில் வெள்ளையாக எது இருந்தாலும் பெயிண்ட்தானே! ஒரு வருஷம் தேய்த்தார். ரத்தம் நிற்காத அன்றைக்குத்தான் சித்தி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன்.

தோல் டாக்டரம்மா துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றுநோய் என்றார்.

"தொப்பி போட்டுட்டுத்தானேம்மா வேலை பாத்தேன்?"

"அது மேல இருந்து வர்ற வெயிலுக்கு. வெள்ளைத் தரையில பட்டுக் கீழ இருந்து ஏறுச்சே, அதுக்கு என்ன போட்டீங்க?"

சித்தப்பா ஓட்டை தேடுகிற மாதிரி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவரு விசில் அடிப்பாரும்மா..." என்றாள் சித்தி.

"உயிரைக் காப்பாத்திடலாம். உதட்டுல பாதி போயிடும்."

போனது. தையல் ஆறியதும் சித்தப்பா, டாக்டரம்மா சொன்னதைக் கூட்டாளிகளிடம் போய்ச் சொன்னார்: மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டுங்க, உதட்டுக்கும் வெயில் களிம்பு தடவுங்க, உச்சிவெயில்ல மேல ஏறாதீங்க. பேச்சு குழறியது. சாப்பாடு கொடுக்கப் போன நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"உச்சிவெயில்லதான்யா பெயிண்ட் சீக்கிரம் காயும்" என்றார் மேஸ்திரி.

வாளி கட்டுகிறவர் அதற்கும் ஒருபடி மேலே போனார்: "தொப்பி போட்ட உனக்குத்தானேண்ணே வந்துச்சு? போடாத நாங்க நல்லாத்தானே இருக்கோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். கணக்குப் பரீட்சையில் நான்கூட இப்படியொரு விடை எழுதியதில்லை. அதிலேயே நான் பெயில்.

இப்போது அவர் கீழே நிழலில் பெயிண்ட் கலக்குகிறார். மேலே பார்த்து உதட்டைக் குவிப்பார். காற்று வரும், கூடவே எச்சிலும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சாயங்காலம் வந்து கதவைத் தட்டுகிறார். "யாரோ மூணாம் மனுஷன் தட்டுற மாதிரியே இருக்குடா" என்று சித்தி ஒருநாள் அழுதாள். அதிலிருந்து, பொழுது சாய்ந்தால் கதவைத் திறந்தே போட்டுவிடுகிறேன்.

"ஊர்க் கொசு பூரா உள்ள வருது, தடிமாடு!" என்று சித்தியிடமிருந்து திட்டு விழுகிறது. விழட்டும்.