உள்ளும் புறமும் வெள்ளி

ஹெப்சிபா புளூரை எங்கள் லேன் எண்ட் ஊரில் எல்லோரும் ஹெப்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயதில் டன்க்லி முதலாளியின் மண்பாண்டப் பட்டறைக்கு வந்தவள். நான் அங்கே சூளைக்காரன், பெயர் ஜெத்ரோ. அவள் தீட்டிய குவளைகளை இருபது வருஷம் என் கையால் சூளையில் அடுக்கியிருக்கிறேன். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு. யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம்.

பெரிய வீட்டுக்காரர்கள் வெள்ளிக் குவளையில் குடிப்பார்கள். வாங்க வக்கில்லாமல், ஆனால் அப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு எங்கள் சரக்கு. களிமண் குவளை மேல் சர்க்கரைப்பாகும் வெள்ளைமண்ணும் குழைத்து, ஹெப்சி குருவியும் கொடியும் வரைவாள். அதன் மேல் அமிலத்தில் கரைத்த பிளாட்டினச் சாந்தை முழுக்கப் பூசுவாள். பார்க்க அழுக்குப் பழுப்பாக இருக்கும். கழுவினால் பாகு கரைந்து, குருவி மட்டும் வெள்ளையாக நிற்கும். சூளையிலிருந்து எடுத்தால் மற்ற இடமெல்லாம் வெள்ளி! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கியதில்லை.

சாந்து கலக்கும் கிழவர் செத்த பிறகு அந்தக் கலவைக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் ஹெப்சி. அன்றைக்குப் பிடித்தது சனி. அவள் கலக்கும் அறைக்கு வெளியிலிருந்து பூட்டு. கேட்டால், "ரகசியம் வெளிய போயிடக் கூடாதும்மா, உன்னைச் சந்தேகப்பட்டு இல்ல" என்பார் முதலாளி. அமிலப் புகையில் இருமி இருமி, சாப்பாட்டு மணி அடித்தால்தான் வெளியே வருவாள்.

இந்த நிலையில் சைலஸ் என்று, சக்கரத்தில் மண் வனைகிற குயவன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள வந்தான். அமெரிக்காவில் குயவர்களுக்கு வேலை இருக்கிறது என்று லிவர்பூலில் இரண்டு பேருக்குக் கப்பலில் இடம் பிடித்துவிட்டான். குறுக்கே நின்றது மார்ட்டின்மஸ் ஒன்றுதான். நவம்பர் பதினொன்று, எங்களுக்கெல்லாம் வருஷ ஒப்பந்தம் போடும் நாள். முதலாளி அச்சாரமாகத் தரும் ஷில்லிங் வெள்ளிக்காசை வாங்கிவிட்டால் அடுத்த மார்ட்டின்மஸ் வரை நீ அவர் ஆள். ஓடினால் ஸ்டாஃபோர்டு ஜெயில். வாங்காமல் மதியம் தாண்டிவிட்டால் நீ சுதந்திரப் பறவை.

"அன்னிக்கு அந்த ஆள் கையால தண்ணி கூட வாங்க மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள் ஹெப்சி. வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

அதற்கு முந்தின வாரம் முதலாளி ஒரு குவளையை உள்ளேயும் வெள்ளியாக்கச் சொன்னார். எங்கள் குவளைக்கு உள்பக்கம் எப்போதும் வெள்ளை. யாரோ கனவான் கேட்டார் என்றார். அவளும் உள்ளும் புறமும் பூசிக் கொடுத்தாள்.

மார்ட்டின்மஸ் காலையில் வழக்கம்போல் எல்லோருக்கும் முதலாளி செலவில் பீர். ஹெப்சி இரண்டு கையையும் மேலங்கிக்குள் விட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் பீப்பாய் பக்கத்தில் இருந்தேன். முதலாளி அந்தக் குவளையில் ஒரு ஷில்லிங்கைப் போட்டார். வெள்ளிக்குள் வெள்ளி, போன இடம் தெரியவில்லை. மேலே கறுத்த பீரை ஊற்றினார்.

"நான் குடுத்தா வாங்க மாட்டா. நீ குடு ஜெத்ரோ."

கொடுத்தேன். இதற்கு ஒரு சாக்கும் இல்லை. கொடுத்தேன்.

"உன் கல்யாணம் நல்லா நடக்கணும்னு குடிக்க வேணாமா?" என்று யாரோ கத்தினார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "ஜெத்ரோ கையால வாங்கலாம்பா" என்று ஒரே மூச்சில் குடித்தாள். கடைசி மடக்கில் காசு பல்லில் இடித்தது. முதலாளி கைதட்டினார்.

இரண்டாம் நாளே ஓடினாள். ஸ்டோன் ஊர்க் கால்வாய்த் துறையில் பிடித்துவிட்டார்கள். நீதிபதி என்னைத்தான் கேட்டார். "குவளைல காசு இருந்துதா?"

"இருந்துது ஐயா."

"அந்தப் பொண்ணு வாங்குனாளா?"

"வாங்குனா."

அவளுக்குத் தெரிந்து வாங்கினாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. வேலைக்குத் திரும்புகிறாயா, மூன்று மாதம் உள்ளே போகிறாயா என்றார் நீதிபதி. "மூணு மாசம்" என்றாள், பேரம் படிந்தவள் மாதிரி. வெளியே கொண்டுபோகும்போது என்னிடம் சொன்னாள்: "பன்னெண்டு பெருசா, மூணு பெருசா? சைலஸ்கிட்ட சொல்லு. பிப்ரவரி கடைசிக் கப்பலுக்கு மாத்தச் சொல்லு."

என் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. சைலஸிடம் சொன்னேன். அவனும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு லிவர்பூலில் காத்திருந்தான்.

விடுதலை நாள் விடிவதற்குள் முதலாளி என்னை எழுப்ப ஆள் அனுப்பினார். "வண்டியக் கட்டு. அவளை இங்க கொண்டா. ஜெயிலுக்குப் போனதால ஒப்பந்தம் தீராது, அடுத்த மார்ட்டின்மஸ் வரைக்கும் அவ என் ஆளு. வக்கீலே சொல்லிட்டாரு."

ஜெயில் வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள். பாதியாகிப் போயிருந்தாள்.

"நீயே வண்டி கொண்டாந்தியா? நீ வருவேன்னு நினைக்கவே இல்ல!" என்று ஏறி உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் பேச்சு. "சைலஸுக்கு என்னை அடையாளம் தெரியுமா?" "கப்பல்ல வாந்தி வருமாமே?" "அங்க மண்ணு செவப்பா, வெளுப்பா?" எல்லாவற்றுக்கும் ம் ம் என்றேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மைல்கல்லிலும் நினைத்தேன். வண்டியை நேராக லிவர்பூலுக்கே விட்டுவிடலாம் என்று கூட நினைத்தேன். செய்தால் அடுத்து ஸ்டாஃபோர்டு ஜெயிலில் நான். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அடுப்பெரியாது.

ஸ்டோன் தாண்டினதும் பாதை பிரிகிறது. இடது பக்கம் லிவர்பூல், வலது பக்கம் லேன் எண்ட். நான் குதிரையை வலது பக்கம் திருப்பினேன்.

"ஜெத்ரோ, அது இல்ல. இந்தப் பக்கம்."

குதிரை நடந்தது. அவள் எழுந்து நின்று பிரியும் பாதையைப் பார்த்தாள், பிறகு என் முதுகைப் பார்த்திருக்க வேண்டும். குதித்து ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடட்டும் என்றும் நினைத்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள். "உன் பொண்டாட்டிக்கு அஞ்சாவது பொறந்தாச்சா?"

"ஆச்சு. கிறிஸ்துமஸுக்கு."

"சரி, ஓட்டு" என்றாள்.